பெருங்காயம் அடித்தால் ஓட வேண்டும்

1

வருடத்துக்கு ஒரு முறை எங்களுக்குச் சாகாமல் இருப்பது எப்படி என்று பாடம் நடத்துவார்கள். பூமிக்குக் கீழே வேலை பார்க்கிற எல்லோரும் உட்கார்ந்தே ஆக வேண்டும். வாழ்நாளெல்லாம் சுரங்கத்தில் ஊறியவரானாலும் நேற்று சேர்ந்தவரானாலும் ஒரே பெஞ்சு, ஒரே பாடம். இங்கே இதற்கு ரெஃப்ரெஷர் என்று பெயர். முதலில் தீ அணைப்பது, பிறகு அடிபட்டவனைத் தூக்குவது, பிறகு இடுப்பில் தொங்குகிற ஆக்சிஜன் டப்பாவைப் பிரித்து வாயில் கவ்விக்கொள்வது, நடுநடுவே டீ, பிஸ்கட். தேறினால் இன்னும் ஒரு வருடம் கீழே போகலாம். தேறாவிட்டால் மேலேயே நிற்க வேண்டியதுதான்.

நான் இருப்பது மேற்கு ஆஸ்திரேலியாவில், கண்ணுக்கெட்டிய வரைக்கும் செம்மண்ணாகக் கிடக்கிற ஒரு தங்கச் சுரங்க ஊர். சுரங்கத்துக்குள் லாரி ஓட்டுகிறேன். வெட்டிய பாறையை அடியிலிருந்து ஏற்றி மேலே கொண்டுவந்து கொட்டுவது வேலை. சொந்த ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் மேலே போக வேண்டும். சின்ன வயதில் போளூருக்கு பஸ் ஏறினால் முதல் வளைவிலேயே வாந்தி எடுப்பேன். கண்டக்டர் என்னைக் கண்டதும் ஜன்னலோர சீட்டில் இருப்பவரை எழுப்பிவிட்டு என்னை உட்கார வைப்பார். அது மரியாதை அல்ல, பஸ்ஸைக் காப்பாற்றும் வழி. அந்தப் பிள்ளைதான் இன்றைக்கு மலைப்பாதை வளைவுகளை அப்படியே மண்ணுக்குள் இறக்கி வைத்தது போன்ற ஒரு பாதையில், வீடு உயரத்துக்கு இருக்கிற லாரியை ஓட்டிக்கொண்டிருக்கிறது. வாந்தி ஓட்டுநருக்கு வராது என்பதை நான் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன்.

என் பெயர் சின்னப்பொண்ணு. நாற்பதைத் தாண்டியும் சின்னப்பொண்ணுதான். அப்பா பெயர் அண்ணாமலை. இரண்டையும் சேர்த்தால் இந்த நாட்டுப் படிவங்களில் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காது. சேர்ந்த புதிதில் அலுவலகத்துப் பெண் ஒருத்தி வெகுநேரம் யோசித்துவிட்டு, அண்ணாமலையில் வாலை வெட்டி 'அண்ணா' என்று என் அடையாளத் தகட்டில் அடித்துக் கொடுத்துவிட்டாள். இங்கே அது பெண்களுக்கு வைக்கிற பெயராம். அன்றிலிருந்து சுரங்கம் முழுக்க எனக்கு அண்ணாதான். என் கணவர் சேகர் போளூர்க்காரர், மேலே பட்டறையில் வெல்டர். காலையில் நான் கிளம்பும்போது மகளைப் பார்த்து, "கயலு, அண்ணன் டூட்டிக்குக் கெளம்பிட்டாரு, கதவத் தொற" என்பார். தினமும் அதே ஜோக், தினமும் அவரே சிரித்துக்கொள்வார்.

2

இந்த வருட ரெஃப்ரெஷரில்தான் வம்பு வந்தது. வம்பு ஒரு சின்ன சீசாவுக்குள் இருந்தது.

சுரங்கத்துக்குள் தீப்பிடித்தால் மணி அடித்துப் பிரயோஜனமில்லை, எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் காது கேட்காது. அதனால் உள்ளே அனுப்புகிற காற்றோடு ஒரு நாற்றத்தைக் கலந்து விடுவார்கள். வீட்டு கேஸ் சிலிண்டர் கசிந்தால் அடிக்குமே, அதற்கு அண்ணன் தம்பி முறை. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும், கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கிற சேம்பருக்குப் போய்விட வேண்டும். சேம்பர் என்பது இரும்பால் செய்த ஒரு அறை. கதவை இறுக்கி மூடிக்கொண்டால் உள்ளே தனிக்காற்று, தண்ணீர், உட்கார பெஞ்சு. புகை வெளியே எவ்வளவு சூழ்ந்தாலும் ஆட்கள் வந்து மீட்கும்வரை உயிரோடு இருக்கலாம்.

வருடம் ஒரு முறை அந்த நாற்றத்தை எல்லோருக்கும் முகரக் கொடுத்து ஞாபகப்படுத்துவார்கள். பயிற்சி கொடுக்கிறவள் டெபி. உயரமான பெண், எதற்கும் சிரிக்க மாட்டாள். ஒரு காலத்தில் மீட்புக் குழுவில் இருந்தவள் என்பதால் அவளிடம் யாரும் வாலாட்டுவதில்லை. சீசாவைத் திறந்து வரிசையாக எங்கள் மூக்கருகே நீட்டிக்கொண்டே வந்தாள். என்ன வாசனை என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஷிப்ட் பாஸ் கெவின், "அழுகின முட்டைக்கோஸ்" என்றார். ஒருவன் செத்த எலி என்றான். பாறை அள்ளும் லோடர் ஓட்டுகிற டாமா நியூசிலாந்துக்காரன், மாவோரி, பனைமரம் மாதிரி ஆள். அவன் முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. சீசா என்னிடம் வந்தது. நானும் முகர்ந்தேன். வாயில் எச்சில் ஊறிவிட்டது.

"என்ன தோன்றுகிறது?" என்று டெபி கேட்டாள்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. "பசிக்கிறது" என்றேன்.

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. டெபி சிரிக்கவில்லை. "செத்துப்போகப் போகிறாய் என்று சொல்கிற நாற்றம் இது. உனக்குப் பசிக்கிறதா?"

விளக்கினேன். எங்கள் ஊரில் பெருங்காயம் என்று ஒன்று உண்டு, ஒரு செடியின் பிசின், எண்ணெயில் பொரித்தால் கிட்டத்தட்ட இதே வாசனைதான் வரும், அது இல்லாமல் நான் மொச்சைக் குழம்பு வைப்பதில்லை. டாமா எழுந்து எனக்காக சாட்சி சொன்னான். "உண்மைதான். அண்ணாவின் டப்பாவைத் திறந்தால் இதேதான் வரும். நாங்கள் எல்லோரும் சாப்பிடுகிறோம். அருமையாக இருக்கும்."

"போன வருடம் என்ன சொன்னாய்?" என்றாள் டெபி.

"போன வருடம் எனக்கு ஜலதோஷம்."

இது சிரிப்புக்காகச் சொன்னதில்லை, நிஜமாகவே மூக்கடைப்பு. ஆனால் அதற்குப் பிறகு அந்த அறையில் பாடம் நடக்கவில்லை, டீ நேரத்தை முன்கூட்டியே விட வேண்டியதாகிவிட்டது.

டெபி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் சொன்னது நியாயம்தான். எல்லோருக்கும் ஓடு என்று சொல்கிற நாற்றம், எனக்கு உட்கார்ந்து சாப்பிடு என்று சொல்கிறது. இப்படி ஒரு மூக்கை நம்பி எப்படிக் கீழே அனுப்புவது? சீக்கிரமே சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஒத்திகை நடக்கும், அது எப்போது என்று தனக்கு மட்டும்தான் தெரியும் என்றாள். நாற்றம் வந்ததும் நான் நேராக சேம்பருக்குப் போனால் சரி. இல்லையென்றால் மேலே தண்ணீர் வண்டி ஓட்ட வேண்டியதுதான்.

3

தண்ணீர் வண்டி என்பது தூசி கிளம்பாமல் இருக்க சாலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே போகிற வண்டி. கேவலமான வேலை ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அது வேண்டாம். ஏன் என்று சொன்னால்தான் புரியும்.

மேலே நான் எப்போதும் கொஞ்சம் குறைந்த ஆளாகத்தான் இருக்கிறேன். கயலின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால், டீச்சர் என்னிடம் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையையும் ரப்பராக இழுத்துப் பேசுவார், நான் சொல்வதைக் கயல் திரும்ப ஆங்கிலத்தில் சொல்வாள். ஆங்கிலத்தில் நான் சொன்னதைத்தான் ஆங்கிலத்தில் திரும்பச் சொல்வாள், அதுதான் கொடுமை. வங்கியில், ஆஸ்பத்திரியில் எல்லா இடத்திலும் எனக்கு முன்னால் என் உச்சரிப்பு போய் நின்றுவிடும். கீழே அப்படி இல்லை. லாரியை வளைவில் ஒடித்துத் திருப்பும்போது உச்சரிப்பை யார் பார்க்கிறார்கள்? அந்த இருட்டும், ஈரப் பாறையும், என் வண்டி விளக்கில் மட்டும் தெரிகிற பாதையும் எனக்குப் பிடிக்கும். இதை ஊரில் சொன்னால் பைத்தியம் என்பார்கள். பிடித்திருக்கிறது, என்ன செய்ய. ஒவ்வொரு முறை உள்ளே இறங்கும்போதும் ஒரு சந்தோஷம் அடிவயிற்றில் கிளம்பும். அதை இழக்க எனக்கு மனசே இல்லை.

4

ஊருக்குப் போன் போட்டேன். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பொண்ணு பூமிக்குள்ளே லாரி ஓட்டுகிறாள் என்பது சந்தைக்கு வருகிற எல்லோருக்கும் அம்மா சொல்லி முடித்த கதை, அதனால் புதுக் கதை எது வந்தாலும் அவளுக்குக் கொண்டாட்டம்.

முழுவதையும் கேட்டுவிட்டு அப்பா, "நாத்தம் அட்ச்சா ஓடணும்னு உனுக்கு நான் சொல்லித் தரலியா? பலாப்பழ சீசன்ல வருசா வருசம் சொல்வன் இல்ல" என்றார்.

உண்மைதான். எங்கள் வீட்டிலும் ஒரு ரெஃப்ரெஷர் உண்டு. எங்கள் பக்கம் பலா பழுக்கும் காலத்தில் கரடி வரும். முதல் பழம் அறுக்கும் அன்று, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்தபடி அப்பா பாடத்தை ஆரம்பிப்பார். கரடி கண்ணில் படுவதற்கு முன்னால் அதன் வாடை வரும். நனைந்த கம்பளி மாதிரி ஒரு வீச்சம். அது வந்தால் கையில் இருக்கிற பழத்தைக் கீழே போடு, சத்தம் போடாதே, அப்படியே பின்வாங்கு. பழத்தைப் போட்டால் அது பழத்தோடு நின்றுவிடும், உன்னைத் தேடி வராது. நானும் தம்பியும் தலையை ஆட்டிக்கொண்டே சுளைகளை விழுங்குவோம்.

"ஊருக்குத்தான் உபதேசம்" என்று அம்மா போனில் குறுக்கே புகுந்தாள். "ஏம்மா, உங்கப்பாரு அன்னிக்கு இன்னா பண்ணாரு தெரியுமா? ஓடக்கரை மரத்துல பழம் எறக்கப் போனவரு, கரடி வாடை வந்துச்சின்னு ஓடியாந்தாரு. இன்னாடா மூச்சு வாங்குதேன்னு பாத்தா, பழத்தத் தலையில வச்சிக்கினே ஓடியாந்துகிறாரு. அத்தாம் பெரிய பழம். கரடி பாவம், பின்னாலயே நம்ம மாட்டுக் கொட்டாய் வரிக்கும் வந்துட்ச்சி."

"அது தேன்பலா" என்றார் அப்பா. "எப்டி போட்றது?"

"பசி வந்தா பத்தும் பறந்துபோவும்னு சொல்லுவாங்க. இவுருக்குப் பசியே இல்லாத பறந்து போச்சி" என்றாள் அம்மா.

அப்பாவின் ரத்தம்தானே என்னிடம் ஓடுகிறது என்று எனக்குக் கவலை அதிகமாகிவிட்டது.

5

முதல் வேலையாகப் பெருங்காயத்தை வீட்டை விட்டு வெளியே அனுப்பினேன். போளூர் கடைத்தெருவில் வாங்கி வந்த கட்டிப் பெருங்காயம் அது. விமான நிலையத்தில் ஒரு அதிகாரி டப்பாவைத் திறந்துவிட்டு இரண்டடி பின்னால் போய், இது என்ன மருந்தா என்று கேட்டார். வாயுவுக்கு என்றேன். இங்கே திறக்காமல் சீக்கிரம் எடுத்துப் போய்விடு என்று கெஞ்சினார். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்ததை இப்போது கார் ஷெட்டில், சேகரின் ஸ்பேனர்களுக்கு நடுவே குடிவைத்தேன்.

கயலுக்கு இதில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். பள்ளிச் சீருடையில் தாளிப்பு வாசனை ஏறுகிறது என்று உடுப்புகளைக் காருக்குள் மாட்டி வைக்கிற பெண் அவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில், அதுவும் தோளைக் குலுக்கியபடி. ஆனால் மொச்சைக் குழம்பு வாசனையில்லாமல் இறங்கிய முதல் நாள் ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னாம்மா இது, ஆஸ்பத்திரி மாதிரி கீது" என்றாள். பல மாதத்தில் அவள் முழுசாகச் சொன்ன முதல் தமிழ் வாக்கியம் அதுதான். அதுவும் சுத்தமான போளூர். சேகர் சோற்றை அப்படியே விட்டுவிட்டு மகளைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

காரணத்தைச் சொன்னேன். கயல் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். 

"நீ சாப்டாம இருந்தா பத்தாதும்மா. நாய்க்கு ட்ரெயினிங் குடுக்கற மாதிரி குடுக்கணும். அந்த ஸ்மெல் வந்தா நீ ஓடணும். அவ்ளோதான். நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் போர்க்காலம். குளியலறைதான் சேம்பர். நான் துணி மடித்துக்கொண்டிருப்பேன், டிவி பார்த்துக்கொண்டிருப்பேன், பல் தேய்த்துக்கொண்டிருப்பேன். கயல் பூனை மாதிரி பின்னால் வந்து பெருங்காய டப்பாவை மூக்கருகே திறப்பாள். நான் எதை வைத்திருந்தாலும் கீழே போட்டுவிட்டு ஓடிக் குளியலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும். முதல் நாள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "குழம்பு வச்சிடலாமா?" என்று கேட்டேன். கயல் தலையில் அடித்துக்கொண்டாள். "ஓடும்மா. ஒரு நாளாவது ஓடேன்."

நான் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் சேகருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. குளியலறை வாசலில் நாற்காலி போட்டுத் தடை வைத்தார். ஒருநாள் நான் உள்ளே ஓடிப் போய்த் தாழ்ப்பாள் போட்டுத் திரும்பினால், அவர் ஷவரில் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டு நிற்கிறார். "இன்னாமே, ரெண்டு பேருக்கு எடம் பத்துமா இந்தச் சேம்பர்ல?" என்றார். வெளியே கயல் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டே, வாழ்க்கையில் இவ்வளவு சிரித்த நாட்கள் எனக்கு வேறு இல்லை.

சுரங்கத்தில் நிலைமை வேறு. என் டப்பாவில் ரொட்டியும் தக்காளியும் இருப்பதைப் பார்த்த டாமா துக்கம் விசாரிக்கிற குரலில், "அண்ணா, யாராவது இறந்துவிட்டார்களா?" என்று கேட்டான். கெவின், தானாக வெளியே சொல்ல மாட்டாரே தவிர, சுரங்கத்துக்குள்ளேயே இருக்கிற சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் ஒருதரம் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு முகம் சுருங்கி உட்காருவார். இத்தனை வருடம் அவர்களுக்கு ஒரு கரண்டி, இவர்களுக்கு ஒரு கரண்டி என்று வைத்து வைத்து நான் என் ஷிப்டில் கூட இறங்குகிற எட்டுப் பேரையும் கெடுத்து வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

6

பயிற்சி எவ்வளவு தூரம் ஏறிவிட்டது என்பது தேன்மொழியக்கா வீட்டு வளைகாப்பில் தெரிந்தது. அவர்கள் ஆரணிக்காரர்கள். மருமகளுக்கு ஏழாம் மாதம். ஊரில் இருக்கிற நாலு தமிழ்க் குடும்பமும் கூடியிருந்தது. பெண்ணை மணையில் உட்கார வைத்து ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி வளையல் போட்டுக்கொண்டிருந்தோம். என் முறை வந்தது. ஒரு வளையல் பாதி கையில் ஏறியிருக்கும், சமையலறையில் புளிசாதத்துக்குத் தாளித்தார்கள்.

பெண்ணின் கையை விட்டேன். எழுந்தேன். நடுவில் யாரையெல்லாம் தாண்டினேன் என்று தெரியவில்லை. அந்த வீட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்று உணர்ந்தேன்.

வெளியே தேன்மொழியக்கா கதவைத் தட்டினார். "சின்னப்பொண்ணு, வயிறு சரியில்லியாமா?"

  கூடத்திலிருந்து கயலின் குரல் கேட்டது. தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி, பெருமையாகச் சொன்னாள்: "அம்மா பாஸ் ஆயிட்டாங்க, ஆன்ட்டி."

7

அது வந்த நாள் சாதாரண நாள். அடியில் டாமா என் லாரியை நிரப்பிவிட்டான். பாரத்தோடு மேலே ஏறிக்கொண்டிருந்தேன். பாதி வழியில், வண்டிக்குள் வருகிற காற்றில் லேசாக ஒரு இழை தெரிந்தது. மூளை 'மொச்சை' என்று சொல்வதற்குள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன். சேம்பர் அந்த வளைவுக்கு அந்தப் பக்கம்தான். ஓடினேன். கதவை இழுத்து மூடி, காற்றைத் திறந்து, பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கே நம்ப முடியவில்லை. அப்பாவின் பலாப்பழத்தை நான் கீழே போட்டுவிட்டேன்.

சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இது ஒத்திகை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, ஒத்திகைதான் என்று எனக்கு யார் சொன்னது என்று தோன்றியது. ஒத்திகை நடக்கப்போகிற காலத்தில் நிஜத் தீ பிடிக்கக் கூடாது என்று சட்டமா? நிமிடங்கள் போயின. யாரும் வரவில்லை. கீழே இருப்பவர்களில் மூன்று நான்கு பேருக்காவது இதுதான் பக்கத்துச் சேம்பர். ஒருவர் காலடியும் கேட்கவில்லை.

அப்போது இடுப்பில் இருந்த ரேடியோவில் டாமாவின் குரல் வந்தது. அவ்வளவு ஆனந்தமான குரலை நான் கேட்டதே இல்லை.

"பசங்களா, அண்ணா திரும்பவும் சமைக்க ஆரம்பித்துவிட்டாள்."

உடனே இன்னொரு குரல், "எனக்கும் வருகிறது வாசனை, எனக்குக் கொஞ்சம் வையுங்கள்." மூன்றாவதாக ஷிப்ட் பாஸ் கெவின், ஒழுங்காக வகுப்பில் அழுகின முட்டைக்கோஸ் என்று பதில் சொன்ன அதே கெவின், "நான் சாப்பாட்டு அறைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், நான் வரும்வரை யாரும் திறக்காதீர்கள்" என்றார்.

 எட்டுப் பேர். எட்டுப் பேரும் தட்டை எடுத்துக்கொண்டு, நாற்றத்தைப் பிடித்துக்கொண்டே அது வருகிற திசைக்குப் போகிறார்கள். நிஜமாகத் தீ என்றால் அவர்களைக் கொல்லப்போவது புகை இல்லை, என் மொச்சைக் குழம்பு. இதை நினைத்ததும் சிரிப்பெல்லாம் போய் எனக்கு அழுகை முட்டியது. ரேடியோவை எடுத்தேன். ஆங்கிலம் ஒரு வார்த்தை வரவில்லை.

"டேய், யாரும் போவாதீங்கடா. அது நான் இல்லடா. நான் இன்னிக்கி ஒண்ணும் ஆக்கல. கேக்குதா, நான் ஆக்கவே இல்ல."

 நான் அங்கே ஒருநாளும் குரலை உயர்த்தியவள் இல்லை. மெதுவாக டாமா கேட்டான். "அண்ணா? என்ன சொன்னாய்?"

மூச்சை இழுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னேன். "நான் சமைக்கவில்லை. சேம்பரில் இருக்கிறேன்."

"அப்படியானால் யார் சமைத்தது?"

"யாரும் சமைக்கவில்லை, டாமா."

 அப்புறம் கெவினின் குரல், கண்டபடி ஒரு கெட்ட வார்த்தை, பிறகு எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் நிற்கிற சத்தம், பூட்ஸ் கால்கள் கல்லில் ஓடுகிற சத்தம். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் என் சேம்பருக்கே வந்து சேர்ந்தார்கள், தூரத்தில் இருந்தவர்கள் அங்கங்கே இருந்த சேம்பரிலிருந்து ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். நான் விரலை மடக்கி எண்ணினேன். என் சேம்பர் கதவைத் திறந்துகொண்டு கடைசியாக டாமா வந்தான். கையில் ஒரு ஸ்பூன் இருந்தது. அதைக் கவனித்ததும் மெல்லச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். எட்டாவது விரலையும் மடக்கிவிட்டு நான் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதேன். டாமா பக்கத்தில் உட்கார்ந்து, தன் பெரிய கையால் என் ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து ரேடியோவில் டெபி வந்து, ஒத்திகை முடிந்தது, எல்லோரும் மேலே வாருங்கள் என்றாள்.

8

மேலே அதே அறை, அதே பெஞ்சு. டெபி எங்கள் முன்னால் வந்து நின்றாள்.

"நான் தப்பான ஆளைச் சோதித்திருக்கிறேன்" என்றாள். பிறகு தேறியது நான் ஒருத்திதான் என்றும், மற்ற எட்டுப் பேரும், ஷிப்ட் பாஸ் உட்பட, மறுபடி முதலிலிருந்து வகுப்புக்கு வர வேண்டும் என்றும் அறிவித்தாள். அன்றைக்கு சீசாவை முகர்ந்து அழுகின முட்டைக்கோஸ் என்று சொன்ன கெவின் காதெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

இனி என் குழம்பை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. நானே முந்திக்கொண்டு, இனிமேல் கீழே கொண்டுபோக மாட்டேன் என்றேன்.  எட்டுப் பேரும் டெபியைப் பார்த்தார்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, இவர்கள் பழக்கம் இவர்களை இப்போதே அங்கே கொண்டுபோகப் பார்த்திருக்கிறது, அப்படியும் ஆசை விடவில்லை.

 இரண்டு நாள் கழித்து டெபியின் முடிவு வந்தது. கீழே சாப்பிடத் தடை இல்லை. ஆனால் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் நான் ரேடியோவில் அறிவிக்க வேண்டும். எட்டுப் பேரும் கேட்டதாகப் பதில் சொன்ன பிறகுதான் திறக்க வேண்டும். அறிவிக்காமல் அந்த வாசனை வந்தால் அது சாவு, யோசிக்காமல் ஓட வேண்டும். இதை எழுத்தில் போட்டு, சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியும்விட்டார்கள். கயலுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அதைத் தன் பள்ளித் தோழிகள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

முதல் நாள் அறிவிக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. சாப்பாட்டு அறையில் தனியாக நின்றுகொண்டு ரேடியோவை வாயருகே வைத்து, இங்கிலீஷ் சரியாக வருகிறதா என்று ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "எல்லோருக்கும் அண்ணா பேசுகிறேன். நான் டப்பாவைத் திறக்கப்போகிறேன். இது சாப்பாடு."

பூமியின் ஒவ்வொரு ஆழத்திலிருந்தும் ஒவ்வொருவராக 'கேட்டது' என்றார்கள். கெவின் 'கேட்டது' என்றார். டாமா 'கேட்டது, சீக்கிரம்' என்றான். எட்டும் வந்து முடிந்தது என்று மூடியில் கை வைத்தேன். அதற்குள் மேலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒன்பதாவதாக ஒரு குரல் வந்தது. சிரிக்காத குரல்.

"டெபி. கேட்டது. எனக்கு ஒரு கரண்டி மேலே அனுப்பு."